செத்தவர்களின் பெயர்

எங்கள் கூட்டத்தில் செத்தவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் போகிற வழியில் நின்றுவிடுவார்கள். என் அண்ணன் பாம்பு கடித்து இறந்ததிலிருந்து அம்மாவுக்கு அவன் 'பெரியவன்'தான்.

நாங்கள் பழங்குடிதானா என்று விசாரிக்க, மானுடவியல் ஆய்வாளர் ஒருவர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மையார் ஆமென்றால்தான் எனக்குச் சாதிச் சான்றிதழ். அது இருந்தால்தான் கல்லூரியில் கிடைத்த இடம் நிற்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா வேலை செய்யும் தென்னந்தோப்பின் முதலாளியும் கூடவே வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆய்வாளர் கட்டிலில் உட்கார்ந்து போனில் பதிவைத் தொடங்கி, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"முன்னோருடைய பேரு ஓரோன்னாயிட்டு சொல்லுங்க அம்மே."

அம்மா தரையைப் பார்த்தாள்.

"அப்பன் பேரு?"

"செத்துப்போனாருங்க. சொல்லக்கூடாதுங்க."

முதலாளி சிரித்தார். "ஏனுங்க மேடம், அப்பன் ஆருன்னு தெரிஞ்சாத்தானுங்களே இதுக சொல்லும்!"

நான் வழக்கத்தை விளக்கினேன்.

"தம்பி படிச்ச ஆளு. இது நெட்டுல பார்த்ததா?" ஆய்வாளர் கனிவாகத்தான் கேட்டார். "வம்சம் சொல்லத் தெரியலைன்னா நான் ஆமான்னு எழுத முடியாதல்லோ."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவள் அப்பன், அப்பனின் அப்பன், அவனுடைய அக்காள். எல்லாமே நான் கேட்டிராத பெயர்கள். கடைசியாக அண்ணன் பெயர். அதைச் சொல்லும்போது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"இதெல்லாம் எங்க பாட்டனும் அப்பனும் வெச்சுவிட்ட பேருங்க மேடம்," என்றார் முதலாளி. "இந்தக் கடேசிப் பேரு எங்கப்பன் வெச்சது."

அது பொய்யில்லை. தோப்பில் பிறந்த பிள்ளைகளுக்குத் தோப்புக்காரர்கள்தான் பெயர் வைப்பார்கள்.

"எல்லாம் சாதாரண தமிழ்ப் பேரு," என்றார் ஆய்வாளர். "பின்ன, சொல்லக்கூடாதுன்னா இப்ப எப்படிச் சொன்னீங்க? அப்ப அப்படியொரு ஆசாரமே இல்லல்லோ. மன்னிக்கணும். இல்லைன்னுதான் எழுதணும்."

குரல் பதிந்திருக்கிறதா என்று பார்க்கப் போனை ஓடவிட்டார். வீட்டுக்குள் அண்ணன் பெயர் மறுபடியும் கேட்டது. "நிறுத்துங்க மேடம்," என்றேன். "ஒரு நிமிஷம்," என்று பதிவைப் பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்டார். அம்மா காதுகளைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

முதலாளி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "காலேஜுதான் இல்லீன்னு ஆயிப்போச்சே. நாளைக்கு இவனையும் கூட்டிட்டு வா புள்ள. காய் உரிக்க ஆளில்ல."

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "சரிங்க."