பிடிக்காத படத்துக்கு இரண்டாவது டிக்கெட்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு சினிமா என்றாலே தூக்கம். தியேட்டரில் விளக்கு அணைந்தால் போதும், தலை சாய்ந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ வார இதழில் திரை விமர்சனம் எழுதுகிறவள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் படத்தை அவள் அலுங்காமல் தரையில் இறக்கி வைப்பாள். யாரும் சீந்தாத படத்தைக் கொண்டாடுவாள். பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர்.

வேண்டுமென்றேதான் குறுக்கே பேசுகிறாளோ என்று கல்யாணமான புதிதில் கடைக்காரருக்கும் சந்தேகம். ஒருநாள், முந்தின வாரம் பார்த்துவிட்டு வாய் ஓயாமல் திட்டிய படத்துக்கே அவள் மறுபடி கிளம்பியபோது கேட்டேவிட்டார்.

“பிடிச்ச படத்தை ஒரு தடவை பார்த்தா போதுங்க,” என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. “பிடிக்காததைத்தான் இன்னொரு தடவை பார்க்கணும். அன்னைக்கு எனக்குத் தலைவலியா இருந்திருக்கலாம். அதுக்குப் படம் என்ன பண்ணும்?”

அன்றிலிருந்து அவளுடைய எழுத்தை அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

பிறகு அந்தப் போர்ப் படம் வந்தது. எடுத்தவர் பத்திரிகை முதலாளியின் மாப்பிள்ளை. எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இவள் மட்டும், கதாநாயகன் நமக்கும் சேர்த்து அழுதுவிடுவதால் நமக்கு அங்கே வேலையில்லை என்று எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் நல்ல மனிதர்தான். கொஞ்சம் பூசி மெழுகினால் எல்லோருக்கும் நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். கூடவே கணவரையும் இழுத்துப் போனாள்.

அன்று அவர் தூங்கவில்லை. திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தேடுகிறவள் போல முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். திரையில், மகனைப் போரில் பறிகொடுத்த தாய் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைக்கிறாள். ஒன்று கூடுதலாக வந்துவிடுகிறது. யார் முகத்தையும் பார்க்காமல் அதை எடுத்து அலமாரியில் வைக்கிறாள். அவ்வளவுதான்.

அந்தத் தட்டைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாள். மற்றதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கட்டுரை வரவில்லை, அவளுடைய பகுதியும் நின்றுபோனது.

அவள் இரண்டு நாள் எந்தப் படத்துக்கும் கிளம்பவில்லை. கடைக்காரருக்கு அது தாங்கவில்லை. கண்ணாடி அலமாரிகளை ஓரம் தள்ளி நாற்காலிகள் போட்டு, வாசலில் பலகை மாட்டினார்: ‘சனி மாலை சினிமாப் பேச்சு. சண்டை போடவும் வரலாம்.’

சண்டை போடத்தான் வந்தார்கள். “நீங்க பார்த்த படத்தைத்தான் நானும் பார்த்தேனா?” என்று ஒருவர் எகிறினார். “உட்காருங்க சார், எதுக்கும் கண்ணை டெஸ்ட் பண்ணிடலாம்,” என்றார் கடைக்காரர். கடை சிரித்தது, எகிறியவரும் சிரித்தார். அடுத்த வாரம் தம்பியையும் கூட்டி வந்தார்.

அந்தத் தட்டைப் பற்றி அவள் பேசியது வாய்க்கு வாய் பரவி, ஒரு சனிக்கிழமை அந்தத் தாயாக நடித்த அம்மாளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் கலைந்த பிறகு எழுந்து வந்தார்.

“அந்தத் தட்டை எடுத்து வைக்கச் சொல்லி யாரும் சொல்லலை. நானாத்தான் வெச்சேன்.”

“தெரியும்மா,” என்றாள் அவள். “அந்தப் படத்துல சொல்லிக் குடுக்காம நடந்தது அது ஒண்ணுதான்.”

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

ஆசிரியரும் ஒருநாள் வந்தார், கண்ணாடி மாற்றுகிற சாக்கில். மறுபடி எழுத முடியுமா என்று கேட்டார். எழுதலாம், முதலில் அந்தப் பழைய கட்டுரை வரட்டும் என்றாள். பார்க்கலாம் என்று போனவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் அதை நினைத்துக் கவலைப்படவில்லை. இந்த வாரம் பேசப்போவது ஊரில் அவள் ஒருத்திக்கு மட்டுமே பிடித்த படம். கூட்டம் நிறைய வரும் என்று கடைக்காரர் பக்கத்துத் தையல்கடையில் நாற்காலிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.