நான்கு கிலோ முதல் ஆறு கிலோ வரை

அன்று மயிலத்தில் அந்தப் பயிற்சி அறையில் இருந்தவர்கள்: கிராமத் துணை சுகாதார நிலையங்களைப் பார்க்கும் நர்சம்மாக்கள் ஆறு பேர், திண்டிவனத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்திவந்த டாக்டரம்மா, விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சாஃப்ட்வேர் தம்பி, நான். மொத்தம் ஒன்பது பேர். டீ கொண்டுவந்தவரையும் சேர்த்தால் பத்து. ஆனால் அவர் டம்ளர்களை எண்ணி வாங்கிக்கொண்டு உடனே போய்விட்டார்.

ஆறு நர்சம்மாக்களுக்கும் ஆளுக்கொரு டச் போன் கொடுத்தோம். அப்போது எங்கள் பக்கம் டச் போன் என்பதே புதுசு. அதற்குள் தம்பி எழுதிய ஆப் ஒன்று இருந்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, பிரசவத்தில் வரும் வலிப்பு என்று தொட்டால் போதும். என்ன செய்ய வேண்டும், எந்த மருந்து எவ்வளவு, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் தமிழில் வரும். சிக்னல் இல்லாத ஊரிலும் திறக்கும். தம்பிக்கு அதில்தான் பெருமை. எல்லாமே போனுக்குள்ளேயே இருந்தது, நெட் தேவையில்லை.

அதில் என் பங்கு தட்டச்சு. டாக்டரம்மா ஆங்கிலத்தில் இருந்த தடித்த வழிகாட்டிகளைப் படித்து, நர்சம்மாக்களுக்குப் புரிகிற தமிழில் நீள நோட்டில் எழுதுவார். நான் அதை அடித்து அட்டவணையாக்குவேன். தம்பி அதை போனுக்குள் ஏற்றுவார். 1993-ல் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று, ஹால் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, பயந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலிலிருந்தே திரும்பி வந்தவன் நான். படிப்பு அதோடு சரி. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, பிறகு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்தேன். அப்படிப்பட்டவன் கையால் மருந்தளவு அடிப்பதை நினைத்தால் சோறு இறங்காது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள், தசமப் புள்ளியை விடுவேனா? தினமும் தம்பிக்கு போன் போகும். முதலில் பொறுமையாகப் பேசினார். பிறகு எடுத்ததுமே, “இன்னாண்ணா, இன்னைக்கு எந்தப் புள்ளி?” என்பார். ஒவ்வொரு தடவையும் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றுப் பக்கத்தில் யாரும் தொடங்குவதில்லை. போன மாதம் அடித்த கல்யாணப் பத்திரிகையைத் திறந்து அதன்மேலேயே அடிப்போம். பெயரை மாற்று, நாளை மாற்று, மண்டபத்தை மாற்று. நேரம் மிச்சம், கட்டமும் கலையாது. தப்பு வருவதும் அதில்தான். ஒரு வீட்டுப் பத்திரிகையில் இன்னொரு வீட்டுத் தாய்மாமன் உட்கார்ந்திருப்பார்.

மயிலத்துக்குக் கிளம்பவேண்டிய காலையில் டாக்டரம்மா கடைக்கு வந்தார். எல்லாப் பக்கமும் அவர் படித்துக் கையெழுத்துப் போட்டு முடிந்திருந்தது. காய்ச்சல் சிரப் அட்டவணை ஆறு கிலோவிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கும் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்றார். நான்கு கிலோ முதல் ஆறு கிலோ வரை, இரண்டரை மி.லி. என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி பார்க்கப் போனார். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்போதும் போனது. யு.பி.எஸ். கீ கீ என்று கத்தத் தொடங்கியது. பேட்டரி பழசு, இரண்டு நிமிடம் தாங்கினால் அதிகம். பென் டிரைவோடு தம்பி பின்னால் நின்றார்.

“ஜல்தி ஜல்திண்ணா, ஆஃப் ஆயிடப் போவுது.”

கீழே இருந்த பத்து முதல் பதினான்கு கிலோ வரியை நகலெடுத்து மேலே ஒட்டினேன். எடையை மாற்றினேன். வயதை மாற்றினேன். சேமித்தேன். திரை அணைந்தது. கரண்ட் திரும்பியதும் தம்பி கோப்பை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு கோப்பை மட்டும் நான் மறுபடி பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஒருவர் கடைக்கு வந்தார். வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. மகளின் காதணி விழாப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்திருந்தார். தாளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் படித்தார்.

“இன்னாப்பா இது? எம் மச்சான் ஊரு வானூரு. நீ மரக்காணம்னு போட்டுக்கினு இருக்குற.”

“மாத்திடறேங்க. பழைய பத்திரிகையில இருந்தது அப்படியே நின்னுடுச்சி.”

“நின்னுடுச்சா? இத எம் பொண்டாட்டி பாத்தான்னு வையி, தாய்மாமன் சீரு உன் வூட்லேர்ந்துதான் வரணும்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊர்ப் பெயரை அழித்தபோது என் கை நின்றது. எடையை மாற்றினேன், வயதை மாற்றினேன். மூன்றாவது கட்டத்தை மாற்றினேனா?

அவரை உட்காரவைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தேன். நான்கு முதல் ஆறு கிலோ. ஏழரை மி.லி. மூன்று மடங்கு.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: அந்த நிமிடமே நான் போனை எடுக்கவில்லை. காதணி விழாப் பத்திரிகையைத் திருத்தினேன். அவர் கேட்டபடி பிள்ளையார் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பிரின்ட் எடுத்துக் கொடுத்து, பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மூன்று நாளில் யார் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் தம்பி புது வெர்ஷன் போடும்போது சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பதறி போன் போட்ட எனக்கு, ஒன்று இருந்தபோது கை வரவில்லை. பதினொன்றாகிவிட்டது.

தம்பி அன்று டாக்டரம்மாவின் ஆபீசில் இருந்தார். “இன்னாண்ணா, எந்தப் புள்ளி?”

“புள்ளி இல்ல தம்பி. எண்ணே தப்பு. சிரப்பு அளவு.”

“அண்ணா, காலையிலேயே பேஜாரு பண்ணாதீங்க. இருங்க, பாக்கறேன்.” சிரிப்பு கேட்டது. பிறகு, “டாக்டரம்மா, இங்க வாங்க” என்று அவர் கூப்பிடுவது கேட்டது. பிறகு டாக்டரம்மாவின் குரல்: “கடையிலேயே இருங்க. எல்லாருக்கும் போன் பண்றேன்.”

ஐந்து பேர் எடுத்தார்கள். யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கவில்லை. ஆறாவது நர்சம்மாவுக்கு மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பங்கள். அங்கே சிக்னல் வந்தால் வரும். போன் கிடைக்கவில்லை. நெட் இல்லாமல் ஓடும் ஆப் என்பதால் தூரத்திலிருந்து திருத்தவும் வழியில்லை. டாக்டரம்மா ஆபீசிலிருந்தே முயற்சி செய்துகொண்டிருப்பது, நாங்கள் நேரில் போவது என்று முடிவானது. தம்பியின் பைக்கில் ஏறினேன். உப்பளங்களைத் தாண்டும்போது காற்று எதிரே அடித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

நர்சம்மா ஒரு வீட்டு வாசலில் கர்ப்பிணிக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி விஷயத்தைச் சொன்னதும் கருவியின் பட்டையைக் கழற்றினார்.

“குடுத்துட்டேனே. நேத்து சாயந்தரம். அஞ்சு மாசக் கொழந்தை, காய்ச்சல்.”

“போன்ல பாத்தா குடுத்தீங்க?” என்றார் தம்பி.

“பின்ன? நானா இருந்தா ரெண்டரதான் குடுத்திருப்பேன். ஏழரன்னு இருக்குதே, டாக்டருங்க மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினேன். உங்களத் தாண்டி எனக்கு இன்னா தெரியும்?”

அந்த வீடு நான்கு சந்து தள்ளி இருந்தது. படிக்கத் தெரியாத தாய்மாருக்காக அந்த நர்சம்மா ஒரு வேலை செய்வார். மருந்து ஊற்றும் பிளாஸ்டிக் மூடியில், ஊற்ற வேண்டிய உயரத்தில் வெள்ளை பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி ஒட்டிவிடுவார். மூடி ஜன்னல் கட்டையில் கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்திரி ஏழரைக் கோட்டின் மேல் ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது.

சாயந்தரம், ராத்திரி, காலை, இப்போது மத்தியானம். நான்கு வேளை என்றாள் அந்தத் தாய். கடைசி வேளை ஊற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குழந்தை இரண்டு தடவை கக்கியிருந்தது. சோர்ந்துபோய் அவள் தோளில் கிடந்தது. தம்பி சிக்னல் தேடி மணலில் ஓடினார். திரும்பி வந்து, டாக்டரம்மா உடனே திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்கிறார், அளவு மீறினால் இந்தச் சிரப் ஈரலைக் கெடுக்குமாம், கெடாமல் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறதாம் என்றார்.

குழந்தையின் அப்பா அப்போதுதான் கடலிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். ஈரத் துண்டோடு வந்து நின்றார்.

“யாரு போட்ட அளவு?”

நர்சம்மா வாயைத் திறந்தார். அதற்குள் தம்பி, “அவங்க மேல தப்பு இல்லீங்க. எங்க போன்ல தப்பா ஏறிடுச்சி” என்றார்.

“ஏறிடுச்சா? அது தானா ஏறுமா? படிச்சவன்தான நீ? எங்க கொழந்தைங்கதான் கெடச்சுதா, வெச்சி வெளயாட?”

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் கை காட்டவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், பையில் பேனா இருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“சார், நீங்க சொல்லுங்க சார். பொழைக்குமா?”

நான்தான் அடித்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். “ஒண்ணும் ஆவாதுங்க, ஜல்தி கெளம்புங்க” என்றேன். ஆகுமா ஆகாதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆட்டோ பிடித்தார்கள். நாங்கள் பைக்கில் பின்னாலேயே போனோம். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஆட்டோக்காரரிடம் அந்த அப்பா மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார். நோட்டுகள் ஈரமாக இருந்தன. அறுநூறு ரூபாய்.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் கடையைத் திறந்தேன், ஒரு வரி அடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இரண்டாம் நாள் மாலை டாக்டரம்மா போன் பண்ணினார். ஈரல் நன்றாக இருக்கிறது, குழந்தை பால் குடிக்கிறது, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிறகு சொன்னார்: “கடைசியா ஒரு வரி சேக்கச் சொன்னது நான். திரும்பப் படிக்காதது நான். நீங்க உடனே சொன்னீங்களே, அது பெரிய விஷயம்.”

உடனே. அந்தச் சொல்லைத் திருத்த நான் வாயெடுக்கவில்லை. பத்தரைக்கே சொல்லியிருந்தால் நான்காவது வேளைக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்போமா என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டிருக்கிறேன். சாலையில் இத்தனை நிமிடம், நர்சம்மாவைத் தேட இத்தனை நிமிடம். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது.

அதன் பிறகு மருந்தட்டவணைக்கு நகலெடுக்கும் வேலையே கிடையாது என்று ஆனது. ஒவ்வொரு வரியும் வெற்றுக் கட்டத்தில் தொடங்கும். நான் உரக்கப் படிப்பேன், டாக்டரம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டு “சரி” என்பார், தம்பி போனில் பார்த்து இன்னொரு “சரி” சொல்வார். இரண்டு சரி வராமல் எதுவும் ஏறாது. ஆப் இன்னும் பல வருஷம் ஓடியது. அந்த நர்சம்மாவும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அதில் பார்த்த அளவு அவர் கை அறிந்த அளவோடு ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுவிடுவார்.

ஆட்டோக் காசை நாம்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலேயே சொன்னார். நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் அதை அதோடு மறந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரில் போட்டுக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். கொடுத்தால், நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள் சார் என்று குழந்தையின் அப்பா கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் கவர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினேன். அப்புறமும் இரண்டு தடவை கிளம்பியிருக்கிறேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது என்று நர்சம்மா சொன்னார். அதன் அப்பாவுக்கு நான் இன்னும் தர வேண்டியது அறுநூறு ரூபாய்.