எதிரெதிராகச் சாய்ந்த தையல்

மகனை ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவன் மூச்சு விடுகிறானா என்று இன்னும் எழுந்து எழுந்து பார்க்கிறேன். இன்று அவன் போர்வைக்கு இஸ்திரி போட்டபோது எழுந்த ஈரப் பருத்தியின் சூட்டு வாசனை, திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் மாமா வைத்திருந்த தையற்கடைக்கு என்னை இழுத்துப்போனது. இப்போது அங்கே செல்போன் கடை.

எல்லாக் கட்சிக் கொடிகளும் அங்கேதான் தைக்கப்படும். கரி இஸ்திரிப் பெட்டி புகைந்துகொண்டிருக்க, தரையெங்கும் கறுப்பும் சிவப்புமாகத் துண்டுகள் கிடக்கும். மாமா ஆளுங்கட்சி, அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கம். அறுவடைக் கூலித் தகராறிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

குறைமாதத்தில் பிறந்த தம்பிக்கு அம்மா அந்தத் துண்டுகளைக் கட்டம் கட்டமாக மூட்டி விரிப்பு தைத்தாள். நான்கு துண்டுகள் கூடும் மூலைகளில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, புளியங்கொட்டைபோலத் தடித்து, அவன் முதுகில் தடம் பதித்தன. தூங்காமல் அழுதான்.

"எல்லாத் தையலையும் ஒரே பக்கம் சாய்ச்சா முண்டத்தான் செய்யும்," என்றார் மாமா. "மேல்வரிசைய இப்படிச் சாய்ச்சு அமுக்கு, கீழ்வரிசைய அப்படி. எதிரெதிரா சாஞ்சாதான் மட்டமா உக்காரும்."

"இத உன் மச்சான்கிட்ட சொல்லேன்ணே," என்று சிரித்தபடியே அம்மா பிரித்துத் தைத்தாள்.

இஸ்திரி போட்ட சூடு ஆறியதும் மாமா குனிந்து ஒரு மூலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். எங்களை அழைத்துப்போக வந்திருந்த அப்பாவும் அதே மூலையில் கன்னத்தை வைத்தார்.

"தட்டுப்படுதா மச்சான்?" என்றார் மாமா.

"இல்ல மாப்ள. புள்ளையப் போடு."

தம்பி விளக்கு வைக்கும்வரை தூங்கினான். அவன் விழித்துவிடக் கூடாதென்று, இருவரும் கூலிச் சண்டையைக் கிசுகிசுவென்றே தொடர்ந்தார்கள்.