தலைகுனிந்து உண்மை சொன்ன சிவஞானம் அத்தான்

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அத்தான் எழும்பவே இல்லடா" என்றாள். தூக்கத்திலேயே அத்தான் போய்விட்டிருந்தார்.

என் அக்கா கணவர் சிவஞானத்தைக் கடைத்தெருவில் உங்களில் பலருக்குத் தெரியும். புடவைக் கடைக்காரர். சட்டையின் மடிப்புக் கலையாதவர். கோயில் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து உரக்கப் பேசியவர். அவர் தன் கடைசி வருடங்களில் பின்வரிசைக்குப் போனது ஏன் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இப்போது சொல்கிறேன்.

கொழும்பிலிருக்கும் மகன் ஒரு கேஸ் கிரில் வாங்கி அனுப்பியிருந்தான். மூடி போட்ட, கோழி வாட்டும் பெரிய அடுப்பு. அத்தானுக்கு அதில் அவ்வளவு பெருமை. சில தடவை பாவித்து, மழைக்காலம் முழுவதும் உறைக்குள் போட்டுவைத்திருந்ததை, வருடப்பிறப்புக்கு மறுநாள் உறவினரை அழைத்து டிக்கோயா வீட்டு முற்றத்தில் இறக்கினார். "கேஸ் டியூப்ப ஒருக்கா பாருங்கப்பா" என்று மகன் போனில் சொன்னதற்கு, "எனக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்.

தூறல் விழுந்தது. பர்னர் நனையக் கூடாதென்று மூடியைத் திறக்காமலே கேஸைத் திறந்து, பொத்தானை அழுத்தினார். பற்றவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விடாமல் அழுத்தினார். கேஸ் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது. அக்கா கோழித் தட்டோடு பக்கத்தில் வந்த நேரம் மூடி எகிறி, தீ வெளியே பாய்ந்தது. அத்தானின் புருவம் கருகியது. அக்காவின் வலது கை முழங்கைவரை வெந்துபோனது.

குழாய்த் தண்ணீரில் கையை வெகுநேரம் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி நடந்ததென்று தாதி கேட்டார். அவ்வளவு வலியிலும் அக்கா முந்திக்கொண்டாள். "சுடுதண்ணி கொட்டிருச்சு மிஸ்."

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "இல்லைங்க மிஸ். அவ எனக்காகச் சொல்றா. நாந்தான் மூடியத் தொறக்காம பத்த வச்சேன். நாலு பேரு முன்னால கெத்து காட்டப் போயி இவ கையச் சுட்டுட்டேன்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கு வந்துபோகும் முகங்களும் அதில் இருந்தன. அத்தான் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கோயில் கூட்டங்களில் அவர் பின்வரிசைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வந்தபின் அவர் அக்காவின் கையை நேராகப் பார்த்ததேயில்லை. சோறு பிசைந்து ஊட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கை இருக்குல்ல, பிறகென்ன?" என்பாள் அவள். அது அவரை இன்னும் சுட்டது.

கிரிலை விற்றுவிடச் சொன்னோம். "என்ன கோளாறுன்னு தெரியாம இன்னொருத்தன் தலையில கட்டுறதா?" என்று மறுத்துவிட்டார். பழுதுபார்ப்பவரைக் கூட்டிவந்து கழற்றிப் பார்த்தார். பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதனால்தான் பற்றவில்லை. டியூபிலும் வெடிப்பு. டியூபை மாற்றினார், கொழுப்புப் படிந்த தட்டைச் சுரண்டிக் கழுவினார். அதன்பின் எப்போது பற்றவைத்தாலும் டியூப் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, கேஸ் கசிந்து குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே தொட்டார். மூடி திறந்தே இருக்கும். முதல் அழுத்தலில் பற்றாவிட்டால் கேஸை அடைத்துவிட்டு, காற்றில் கலையும்வரை தள்ளி நிற்பார்.

போன வருடம் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தில் விருந்து. அவர்களும் புதிதாய் ஒரு கிரில் வாங்கியிருந்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து பொத்தானை அழுத்தும் 'டிக், டிக்' சத்தம் நிற்காமல் கேட்டது. அத்தான் எட்டிப் பார்த்தார். மூடி திறக்கப்படவில்லை. குழந்தைகள் சுற்றி நின்றார்கள். "எப்பா! எப்பா!" வேண்டாம், வேண்டாமென்று சிங்களத்தில் கத்திக்கொண்டே சாரத்தோடு ஓடிப்போய், கேஸை அடைத்துக் குழந்தைகளைத் தள்ளி நிறுத்தினார். வீட்டுக்காரர் கோபமாக முறைத்தார். அத்தான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தன் மனைவிக்குத் தான் செய்ததை விருந்தினர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். வீட்டுக்காரர் போய் மூடியைத் திறந்துவைத்தார்.

திரும்பிவந்து படியில் உட்கார்ந்தவர், "அசிங்கமாப் போச்சு. ஒவ்வொரு தடவ சொல்றப்பயும் செத்துப் பொழைக்கிறேன்" என்றார். அக்கா பக்கத்தில் அமர்ந்து, தழும்பேறிய கையை அவர் மடியில் வைத்தாள். அவர் முதன்முறையாக அதை நன்றாகப் பார்த்தார்.

அவமானத்தை ஒளித்துவைத்துத்தான் நாமெல்லாம் மரியாதையாக வாழ்கிறோம். தன் அவமானத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு வேலி தாண்டி ஓடிய அந்த ஓட்டத்தைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துவைத்துக்கொள்கிறேன்.