சைக்கிளில் வந்த நண்டு

புரட்டாசியில் ஆறு மணிக்கே வெளிச்சம் தணியத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் நான் சைக்கிளை எடுப்பேன். விராலிமலைச் சாலையை விட்டு இடதுபக்கம் இறங்கினால் கண்மாய்க்கரை. பெருமழை இன்னும் தொடங்கவில்லை. ஆவணியில் பெய்த மழையில் கால் கண்மாய்தான் நிறைந்திருந்தது. முந்தின இரவு ஒரு தூறல் போட்டிருந்ததால் கரை மண்ணில் டயர் தடம் அச்சடித்தது போல விழுந்தது.

மடையருகே தண்ணீர் பாட்டிலைத் திறக்க நின்றேன். கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் அந்த மடைக்குப் பழைய பலகைதான் கதவு. இடுக்குகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருப்பார்கள். தண்ணீர் குறைவு என்பதால் இந்த முறை ஆளுக்கொரு நாள் என்று பிரித்துப் பகலில் மட்டும் விடுவதாக டீக்கடையில் கேட்டிருந்தேன். ஆனால் கரைக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"யாருங்க அது?"

சரிவிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, இடது கையில் டார்ச்.

"எங்கிட்டு போறீங்க?"

"சும்மா ஒரு ரவுண்டு."

"சும்மா யாருங்க சைக்கிள் மிதிப்பா? வண்டி ரிப்பேரா?"

"வண்டி வீட்ல நிக்குது."

"வண்டிய வீட்ல நிப்பாட்டிட்டு சைக்கிள்ல வர்றீங்க." குற்றப்பத்திரிகை வாசிப்பது போல அதைத் திருப்பிச் சொன்னார். "மீன் குத்தகைக்காரரு ஆளா? தண்ணி எப்ப வத்தும், எப்ப வலையப் போடலாம்னு பாக்க வந்தீங்களோ?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை முழங்கை வரை சேறு. இன்னும் காயாத சேறு. அதில் இரண்டு வைக்கோல் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"தண்ணி ஓடுதே" என்றேன்.

"நண்டு பொத்தல் போட்டுருக்கும்."

"அடைக்கலையா?"

"அடைக்கத்தான வந்தேன்." அவர் கண் கீழே போனது. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு நாற்றங்கால். நுனிகள் பழுத்திருந்தன, மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர் அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தது. "என் முறை வர வெள்ளிக்கெழமை ஆயிரும். அதுவரைக்கும் இது தாங்குமா? நீங்களே பாருங்க. இது கருகிட்டா மறுபடி வெதைக்க நெல்லு கெடையாது."

டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

மறுநாள் காலை டீக்கடையில் பேச்சே இரவில் மடையிலிருந்து தண்ணீர் போனதுதான். தண்ணீர் முறை பார்ப்பவர் பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நண்டு வேலையா இருக்கும்ணே" என்றார் டீ ஆற்றியவர்.

"ஆமா, சைக்கிள்ல வந்த நண்டு. மடை வரைக்கும் டயர் தடம் இருக்கு. அங்கன நின்னுட்டுத் திரும்பிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கரையில் சைக்கிள் ஓட்டுகிற ஒரே ஆள் நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

முறை பார்ப்பவர் என் பக்கம் திரும்பினார். "சார், நேத்து அங்கிட்டு போனீங்களா?"

"போனேன்."

"மடைகிட்ட நின்னீங்களோ?"

"தண்ணி குடிக்க நின்னேன்."

"கம்மாத் தண்ணியவா?" மறுபடி சிரிப்பு. பிறகு அவர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். "யாரையும் பாத்தீங்களா சார்? ஆளு யாருன்னு தெரிஞ்சா அவுங்க முறைய இந்த வருசத்துக்கே வெட்டிருவோம்."

நான் பார்த்தது ஒரு கையில் சேறு, இரண்டு வைக்கோல் துண்டு, ஒரு நாற்றங்கால். வைக்கோலைப் பிடுங்கிய கையை நான் பார்க்கவில்லை. பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் இது செய்தியாக வந்திருந்தால் ஆதாரம் போதாது என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அந்தப் பழக்கம் அன்று வசதியாக இருந்தது. பிடுங்கியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மடையில கை வச்ச ஆளு யாரையும் பாக்கல" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. தண்ணீர் முறை பார்ப்பவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கண்மாய்க்கரை மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

அன்று மாலையும் போனேன். போகாமல் விட்டால் அதுவே சாட்சியாகிவிடும். மடை இடுக்குகளில் புதுக் களிமண் அப்பியிருந்தது. நாற்றங்காலில் தண்ணீர் மினுங்கியது. அந்தப் பெண் கரைமேலேயே உட்கார்ந்திருந்தார்.

"டீக்கடையில கேட்டாகளாம்ல? என்ன சொன்னீங்க?"

"யாரையும் பாக்கலன்னேன்."

அவர் எழுந்தார். இன்னும் நன்றாக இருட்டவில்லை. ஆனாலும் டார்ச்சைப் போட்டு என் முகத்தில் அடித்தார்.

"ஏன்?"

"சும்மாதான்."

"அதுவும் சும்மாவா?"

ஏறி மிதித்தேன். கரை வளைகிற இடம் வரை அந்த வெளிச்சம் என் பின்சக்கரத்தை விட்டு விலகவில்லை.