நாற்பது நாள் நல்லவரின் இதயம்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எனக்கு ராஜ மரியாதைதான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வரும்போதே என் வீட்டுக்காரர் ஆளே மாறிவிடுவார். கறி கிடையாது, சிகரெட் கிடையாது, முக்கியமாகச் சரக்கு கிடையாது. மற்ற மாதங்களில் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டாளிகளோடு குடிக்க, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய்விடுகிற மனிதர், அந்த நாற்பது நாளும் நேராக வீட்டுக்கு வந்து, என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். சொந்தக்காரர்கள் யாராவது போனில் பேசினால் பேச்சோடு பேச்சாக, தவக்காலத்தில் தான் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை என்பதைச் சொல்லாமல் வைக்க மாட்டார். அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அவருக்கு ஒரு நண்பர் உண்டு. பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம், தொழிற்சாலையில் இவரோடு அதே மெயின்டனன்ஸ் பிரிவு. அவர் கார்த்திகையில் மாலை போடுகிற ஆள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிற வரைக்கும் அவரும் பத்தரைமாற்றுத் தங்கம். கழற்றிய வாரத்தில் ஒரு விருந்து, ஈஸ்டர் அன்று ஒரு விருந்து, இரண்டும் பாகலூரில் அவருடைய தக்காளித் தோட்டத்து மோட்டார் கொட்டகையில்தான். சாமி வேறு என்றாலும் சரக்கு ஒன்றுதானே.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு தடவை எல்லா மெஷினையும் நிறுத்தி, கழற்றி, கழுவி, ஆயில் மாற்றி மாட்டுவார்கள். ஷட்டவுன் என்பார்கள். அதற்குப் பிறகு மெஷின் புதுசு மாதிரி ஓடும், எவ்வளவு லோடு கொடுத்தாலும் தாங்கும். உடம்பும் அப்படித்தானாம். விரதம் என்பது உடம்புக்கு ஷட்டவுன். ஈரல், இதயம் எல்லாம் கழுவித் துடைத்துத் தயாராக நிற்குமாம். பிறகென்ன, ஃபுல் லோடுதான். இருபது வருடம் மெஷினோடு மல்லுக்கட்டினால் மூளையும் ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது என்று நான் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வெங்காயத்தை எடுப்பார்.

போன வருடத்துக்கு முந்தைய வருட ஈஸ்டர் அன்று அந்த ஃபுல் லோடு ஏறியது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் பாகலூர் நண்பர் அவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாடை அடித்தது, அது வழக்கம்தான். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உள்ளே என்னவோ படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஓடியது, நின்றது, இரண்டு தடவை சேர்ந்தாற்போல் துடித்தது, மறுபடியும் ஓடியது. எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஆனாலும் அது சரியில்லை என்பது விரலுக்கே தெரிந்துவிட்டது. வந்த ஆட்டோவைத் திருப்பச் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். ஓசூர் வரும் வரை மாதாவிடம் சொல்கிற அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் விட்டு விட்டு மறுபடி ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் எனக்கு அது முழுதாக வரவில்லை.

மருத்துவமனையில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள். விடிவதற்குள் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. காலையில் டாக்டரம்மா வந்து நின்றபோது இவருக்குப் பயம் போய், கோபம் வந்திருந்தது. ஏமாற்றப்பட்டவர் மாதிரிப் பேசினார்.

"நாப்பது நாளா ஒரு சொட்டு தொடலீங்க டாக்டர். ஷட்டவுன் மாதிரி சுத்தமா நிறுத்தி வெச்சிருந்தன். அப்புறம் எப்பிடிங்க எனக்கு வரும்?"

டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அந்தத் தொழிற்சாலை ஊரில் வேலை பார்ப்பவருக்கு ஷட்டவுன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மெஷின நீங்க நிறுத்திட்டு ரிப்பேர் பண்றீங்க. இதயத்த நிறுத்த முடியாதுங்க. இதுக்கு ஒரே ஒரு ஷட்டவுன்தான்."

இவர் குனிந்து தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டார். பிறகு டாக்டரம்மாவே நிதானமாக விளக்கினார். ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் இதயத்தின் மேல் அறைகள் தாளம் தப்பி நடுங்கத் தொடங்கிவிடுமாம். பண்டிகை, கல்யாணம் முடிந்த மறுநாள் இப்படி வருகிறவர்கள் உண்டாம். தாளம் தப்பினால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது போக, வருடக்கணக்கில் குடிக்கக் குடிக்க ரத்த அழுத்தம் ஏறும், இதயத் தசை தொய்ந்து போகும், ஈரல் கெடும், சில வகைப் புற்றுநோய்கூட வரும். நடுவில் விரதம் இருந்தது நல்லதுதான், ஆனால் விரதத்தில் சேமித்ததை விருந்தில் செலவு பண்ணலாம் என்று உடம்பில் எந்த ஏற்பாடும் இல்லை என்றார்.

இவர் விடுவாரா? அப்படியானால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குடிக்கலாமா என்று கேட்டார். அதுவும் கூடாது என்று டாக்டரம்மா தலையாட்ட, பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்கு அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டும் போல் இருந்தது.

ஆனால் என் முறையும் வந்தது. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் பன்னீர் திராட்சை வாங்கி, ஜாடியில் ஒயின் போடுவேன். தெருவில் அதற்கு நல்ல பேர். அது இதயத்துக்கு நல்லது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது. அதையாவது குடிக்கலாம் இல்லையா என்று கேட்டேன். அதில் இருப்பதும் அதே சாராயச் சத்துதான், இதயத்துக்கு என்று சொல்லி யாரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம், திராட்சையைத் திராட்சையாகவே சாப்பிடுங்கள் என்றுவிட்டார். அத்தனை கவலைக்கு நடுவிலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கட்டிலில் கிடந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அட்மிட் ஆனதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும், தவக்காலத்தை அப்படியே நீட்டிவிடப் போவதாக அறிவித்தார். நான் நம்பவில்லை. நாற்பது நாள் நல்லவராக இருக்க அவருக்குத் தெரியும், நாற்பத்தொன்றாவது நாள்தான் எப்போதும் தகராறு. சனிக்கிழமைகள் வந்தன. முதல் மாதம் சிடுசிடுவென்றிருந்தார், சட்னியில் உப்பு இல்லை என்றால்கூட ஒரு பிரசங்கம். பிறகு மெல்ல மெல்ல மாறினார். பி.பி. இறங்கியது, பேன்ட் லூசாகியது, மாடிப்படி ஏறி மூச்சு வாங்காமல் என்னைக் கூப்பிட்டார். கார்த்திகை முடிந்து நண்பர் மாலை கழற்றிய விருந்துக்கும் போகவில்லை. ஆனாலும் என் மனம் ஈஸ்டரை நினைத்தே பயந்துகொண்டிருந்தது.

அந்த ஈஸ்டரும் வந்தது. பூசை முடிந்து, மகளும் மாப்பிள்ளையும் வந்து பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள். ஒரு மணிக்குப் பாகலூரிலிருந்து போன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சும்மா தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். வாசல் வரை போனேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் கழுவினேன். இரண்டானது, மூன்றானது. ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினேன். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மூன்றரைக்கு பைக் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது அவரேதான். இறங்கி வந்தவர் என் பக்கத்தில் நின்று, குழந்தை மாதிரி வாயை ஊதிக் காட்டினார். மோர் வாடை. பாகலூர்க்காரர் முதலில் கேலி பண்ணினாராம், பிறகு தன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அந்த டாக்டரம்மா பேரும் அவர் பார்க்கிற நேரமும் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"கெளம்பு, எங்கனா போயி வரலாம்" என்றார்.

தளி ரோட்டில் போனோம். வெயில் தணிந்து, காற்று குளுகுளுவென்று வந்தது. முட்டைக்கோஸ் வயல் ஓரம் வண்டியை நிறுத்தி, கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு மதகுத் திண்டில் உட்கார்ந்தோம். எனக்கு மனசெல்லாம் நிறைந்து, யாரைப் பார்த்தாலும் சிரிப்பாக வந்தது. ஒரு குடும்பம் புதுத்துணி போட்டுக்கொண்டு எதிரே நடந்து போனது. பிள்ளைகள் முன்னால் ஓட, அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டே பின்னால் போனார்கள். இவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆயி இத்தன வருசத்துல, ஈஸ்டர் அன்னிக்கு சாயங்காலம்னு ஒண்ணு வரும்ங்கறதே எனக்குத் தெரியாம போச்சு" என்றார்.