இரண்டாவது குழுவுக்கு வந்தவர்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. இது என் அக்காவுக்குப் பட்டப்பகலில் நடந்தது. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதனால்தான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலை. ரொம்பவும் முடியாமல் படுத்திருப்பவர்களிடம் பயம், பிரார்த்தனை, சாவு என்று மனம்விட்டுப் பேச ஒருவர் உட்கார்ந்தால் வேதனை குறையுமா என்று பார்ப்பது. முதல் குழுவுக்கு ஓர் ஆள் போவார். 'ஆறுதல்காரர்' என்று பெயர். இரண்டாவது குழுவுக்கு யாருமே போகக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே! போய்விட்டால் மூன்று வருட உழைப்பும் குப்பைதான்.

இரண்டாவது குழுவில் ஓர் அம்மா சொன்னார்.

"தினம் ஒருத்தர் வந்து உட்கார்றாரே. மூணு பத்துக்கு."

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரரும் அதையே சொன்னார். அப்புறம் இன்னும் மூன்று பேர். ஐந்து பேருக்கும் வேதனை குறைந்திருந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேரே ஆறுதல்காரரைப் பிடித்தாள்.

"சார், எனக்குத் தெரியாம அந்த வார்டுக்குப் போறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

சத்தியம் பண்ணுகிறவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அக்கா கட்சி. மறுநாள் அவரைத் தன் கூடவே நிறுத்திக்கொண்டாள். வார்டு வாசல். மணி மூன்று எட்டு.

மூன்று ஒன்பது. ஆறுதல்காரர் கொட்டாவி விட்டார்.

மூன்று பத்து.

கிரீச்... கிரீச்...

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைத் தள்ளிக்கொண்டு யாரோ நடக்கிற சத்தம். வராந்தாவில் யாரும் இல்லை.

சத்தம் அவர்களைத் தாண்டி உள்ளே போனது. அந்த அம்மாவின் கட்டிலருகே நின்றது.

நாற்காலி தானாக நகர்ந்தது...

அந்த அம்மா காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"உங்களப் பத்தித்தான் கேக்குறாரு."

"என்ன... என்ன கேக்குறாரு?"

"நீங்க இப்படி முடியாம படுக்கும்போது யாரு பக்கத்துல உட்காருவாங்கன்னு."

ஆறுதல்காரர் எடுத்தார் ஓட்டம்.

"ஆளு... எப்படி இருக்காரு?"

"இடது கண்ணுல கட்டு."

அப்படி ஒருவரை அக்காவுக்குத் தெரியும். ஆராய்ச்சியின் முதல் நோயாளி. இரண்டாவது குழு. வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அவருடைய பழைய படிவத்தைத் தேடி எடுத்தாள். அவள் கையெழுத்தேதான்.

'பிற்பகல் 3.05. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். விதிப்படி மறுத்தேன்.'

வார்டு பதிவேட்டில் அதே தேதியைப் பார்த்தாள்.

'இறந்த நேரம் 3.10. பக்கத்தில் யாரும் இல்லை.'